சேலை விளம்பரத்தில் மெலிந்த உடல்: திருவனந்தபுரத்துத் தொழில் அனுபவம்

ஓணக் காலத்தில் திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையிலிருந்து பாளையம் வரை செல்லும் மகாத்மா காந்தி சாலையில் துணிக்கடை விளம்பரங்களை ஒருசேர நோக்குபவருக்கு, சரிகைக் கரையுள்ள கசவுச் சேலையும் இரு துண்டு உடையான செட்டு முண்டும் உடுத்தி நிற்கும் அப்பெண்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே உடலளவினர் என்பது எளிதில் புலப்படும். நெடிய கழுத்து, எடுப்பாகத் தெரியும் காறை எலும்பு, ஒடுங்கிய இடை, சதைப்பற்றில்லாத மேற்கை ஆகியவை கடைக்குக் கடை மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே சாலையில், அவ்விளம்பரங்களுக்குக் கீழே, சேலை வாங்க வந்து நடக்கும் பெண்களிடையே அவ்வுடல் அரிதாகவே தென்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வாறு உண்டாகிறது என்பதை, இந்நகரத்துத் துணிக்கடைகளுக்குப் பல்லாண்டுகள் விளம்பரம் செய்து கொடுத்த தொழில் அனுபவத்திலிருந்து விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

மேனாட்டு மோகமே இதற்குக் காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. அதில் உண்மை உண்டெனினும், விளம்பரப் படம் உருவாகும் வழியை அருகிருந்து கண்டோர்க்கு அது போதிய விடையாகத் தோன்றாது. மாதிரி ரவிக்கை தைப்பவர், மாடலைத் தேர்ந்தெடுப்பவர், சேலை கட்டிவிடுபவர், ஒளிப்படக்காரர், கணினியில் படத்தைத் திருத்துபவர், அதைப் பெரிதாக்கி அச்சிடுபவர், கடையில் பொம்மைக்குத் துணி சுற்றுபவர் என ஒவ்வொருவரும் தம் வசதிக்காக உடலைச் சிறிதளவு குறைக்கின்றனர். எவரும் பெண்களை இழிவுபடுத்த எண்ணுவதில்லை. ஆயினும் அச்சிறு குறைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, உயிரோடு நடமாட முடியாத ஓர் உடலில் சென்று முடிகின்றன. இப்படிப் படிப்படியாக நேர்ந்ததைப் படிப்படியாகவே திருத்தவும் முடியும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பழைய விளம்பரத்தின் உடல்

பெண்ணின் உருவம் அச்சுப்படமாகி வீடுதோறும் சென்ற வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கு நெருங்கிய பங்கு உண்டு. நகருக்கு வடக்கே கிளிமானூரில் 1848-இல் பிறந்த ரவிவர்மா, 1894-இல் மும்பையில் அச்சுக்கூடம் நிறுவி, தம் ஓவியங்களை ஓலியோகிராஃப் எனப்படும், எண்ணெய் ஓவியத்தின் சாயலை ஒத்த வண்ணப் படங்களாக அச்சிட்டு வெளியிட்டார். அப்படங்கள் பூசையறைக்கும் வரவேற்பறைக்கும் சென்றதோடு, காலப்போக்கில் நாட்காட்டிகளிலும் விற்பனைப் பண்டங்களின் விளம்பரங்களிலும் இடம்பெற்றன. இந்நகரத்து அருங்காட்சியக வளாகத்தில் உள்ள அவருடைய மூல ஓவியங்களைக் காண்போர், அவற்றில் வரும் பெண்கள் திரண்ட தோளும் சதைப்பற்றுள்ள மேற்கையும் நிறைந்த கன்னமும் உடையவர்களாக இருப்பதை உணரலாம். பிற்காலத்தில் கோவில்பட்டியில் ஓவியக்கூடம் நடத்திய கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் சிவகாசி அச்சகங்களுக்கு வரைந்த நாட்காட்டிப் படங்களிலும் இதே நிறைவான உடலே தொடர்ந்தது; துணிக்கடைகள் தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த நாட்காட்டிகள் வழியாக அவ்வுடல் அழகின் அளவாகவே நிலைத்திருந்தது.

பழைய படங்களைப் பொற்காலமாகக் கொண்டாடுவது இங்கு நோக்கமன்று. அவ்வுடல் வளமான வீட்டின் அடையாளம். அதன் நிறமும் அணிகலன்களும் உழைக்கும் பெண்ணை வெளியே நிறுத்தின. மேலும், இம்மண்ணில் எந்தப் பெண் எதை உடுத்தலாம் என்பது அழகியல் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய பின்னரே, 1859-இல் அரசு பிறப்பித்த ஆணை அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ள இசைந்தது; அதுவும் மேல்சாதிப் பெண்களின் உடை முறையைப் பின்பற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு. துணி யாருக்குரியது என்று ஒரு காலத்தில் அரசாணை வகுத்த நிலத்தில், துணி எத்தகைய உடலுக்குரியது என்று இன்று விளம்பரம் வகுக்கிறது. இரண்டும் ஒரே தரத்துக் கொடுமைகள் அல்ல. எனினும் உடுத்தும் உரிமையைப் போராடிப் பெற்ற பெண்களின் வழித்தோன்றல்களிடம், 'இந்த உடை உன் உடலுக்கானதன்று' எனக் குறிப்பாகக்கூட உணர்த்துவதற்கு முன் இத்தொழில் சற்று நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளது.

மெலிவு வந்த வழி

திருவனந்தபுரம் தூர்தர்ஷன் நிலையத்தின் மலையாள ஒளிபரப்பு 1985-இல் தொடங்கியது. 1991-இல் பொருளாதாரக் கொள்கை தளர்த்தப்பட்டது. 1993-இல் மலையாளத்தின் முதல் தனியார் தொலைக்காட்சியான ஏசியாநெட் இந்நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒளிபரப்பைத் தொடங்கியது. 1994-இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் முடிசூட்டப்பட்டனர். வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணத்தால் திருமணத் துணிக்கடைகள் பல மாடிக் கட்டடங்களாக வளர்ந்ததும், செய்தித்தாளின் உள்பக்க விளம்பரம் முழுப்பக்க வண்ண விளம்பரமாக மாறியதும் இக்காலத்திலேயே. அதுவரை துணிக்கடை விளம்பரத்தில் தோன்றிய முகம் பெரும்பாலும் திரைப்பட நடிகையின் முகமாக இருந்தது. ஷீலாவும் சாரதாவும் ஜெயபாரதியும் மலையாளத் திரையில் கோலோச்சிய காலத்தில் அவர்களுடைய உடல்வாகு வீட்டுப் பெண்களின் உடல்வாகிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கவில்லை. அழகிப் போட்டிகளின் வழியாகவும் பெருநகர மாடலிங் நிறுவனங்களின் வழியாகவும் வந்த புதிய மாடல்கள், உயரத்தையும் மெலிவையுமே தகுதியாகக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2008-இல் வெளிவந்த 'டஷன்' இந்திப் படத்துக்காகக் கரீனா கபூர் உடலைக் குறைத்துக்கொண்டதை ஒட்டி 'சைஸ் ஸீரோ' என்னும் சொல், அதாவது அமெரிக்க ஆயத்த ஆடை அளவுகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்றின் பெயர், கல்லூரி மாணவியர் பேச்சிலும் கலந்துவிட்டது. உடல் மெலிவு வணிகத்தைக் கேள்விக்குள்ளாக்கிய 'இஞ்சி இடுப்பழகி' (2015) போன்ற திரைப்படங்களும், பருமனான பெண்ணை மதிப்போடு சித்திரித்த 'தமாஷா' (2019) என்ற மலையாளப் படமும் பிற்பாடு வந்தன.

புதிய பிம்பங்கள் ஒரு சமூகத்துக்குள் நுழைந்தால் என்ன நேரும் என்பதற்கு ஃபிஜித் தீவில் ஹார்வர்டு அறிஞர் ஆன் பெக்கர் நடத்திய ஆய்வு தக்க சான்று. நிறைந்த உடலையே நலத்தின் அடையாளமாகப் போற்றிய அச்சமூகத்தின் ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. உடல் எடையைக் குறைப்பதற்காக வலிந்து வாந்தியெடுப்பதாகச் சொன்ன பள்ளி மாணவியர் அப்போது ஒருவரும் இல்லை; 1998-இல் அவ்வாறு சொன்னோர் 11.3 விழுக்காட்டினர். படங்கள் மட்டுமே நோயை உண்டாக்குகின்றன என்று இதைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. பசியின்மை நோய் எனப்படும் அனோரெக்ஸியாவுக்கு உடல், குடும்பம், மனநிலை சார்ந்த பல காரணங்களை மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆனால் படம் செய்பவர் தம் படத்துக்கு எவ்வித விளைவும் இல்லை என்று கைகழுவிவிட இயலாது என்பதை இவ்வாய்வு தெளிவாகக் காட்டுகிறது.

படப்பிடிப்புத் தளத்தில்

உடல் குறையும் முதல் இடம் தையல் மேசை. பண்டிகைக்கு முன் வரும் புதிய வகைகளுக்குப் படப்பிடிப்புக்கென ஒரே ஒரு ரவிக்கையோ சுடிதாரோ தைக்கப்படும். தொழில் வழக்கில் இதற்குச் சாம்பிள் என்று பெயர். ஒன்றுதான் தைக்கப்படுவதால் அது சிறிய அளவில் தைக்கப்படும். ஏனெனில் ஆடை தளர்ந்திருந்தால் முதுகுப்புறம் கிளிப் போட்டு இறுக்கிக்கொள்ளலாம்; இறுக்கமாக இருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனவே அந்த ஆடைக்குள் அடங்கும் மாடலே தேடப்படுகிறார். விளம்பரத்தில் முன்பக்கம் மடிப்பின்றி உடலோடு ஒட்டி நிற்கும் ரவிக்கையின் பின்பக்கத்தைப் படப்பிடிப்புத் தளத்தில் கண்டால், முதுகெலும்பு நெடுகக் காகிதக் கிளிப்புகளும் ஊக்குகளும் வரிசையாக நிற்பதைக் காணலாம். மெலிந்த உடலுக்கும் தளர்ந்துவிட்ட ஆடையையே இவ்வாறு பிடித்து இறுக்குகின்றனர். அதாவது படத்தில் தெரியும் பொருத்தம் அந்த மாடலுக்கே கிடைக்காத பொருத்தம்.

மெலிந்த மாடலை நாடுவதற்கு இரண்டாவது காரணம் சேலையின் கணக்கு. சேலையின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். அது உடலை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் கொசுவமாக மடிந்து, எஞ்சியது முந்தானையாகத் தோளில் விழுகிறது. இடுப்புச் சுற்றளவு 36 அங்குலம் உள்ளவரையும் 44 அங்குலம் உள்ளவரையும் ஒப்பிட்டால், இரண்டு சுற்றுக்கு 16 அங்குலத் துணி வேறுபடும். நான்கு அங்குல அகலமுள்ள ஒரு கொசுவ மடிப்புக்கு எட்டு அங்குலத் துணி செலவாகும். ஆகவே விளம்பரத்தில் காணும் கொசுவத்தில் இரண்டு மடிப்புகள் வாங்கிய பெண்ணின் இடுப்பில் குறைந்துவிடும். கொசுவத்தைக் காப்பாற்றினால் முந்தானை குட்டையாகிவிடும். துணியின் வேலைப்பாட்டை அதிகமாகக் காட்ட வேண்டும் என்பதற்காகவே கடைக்காரர் மெலிந்த மாடலை விரும்புகிறார். அவர் காட்டும் அந்த வேலைப்பாட்டின் ஒரு பகுதி வாங்குபவரின் உடம்புக்குள் மறைந்துபோகிறது.

கேரளத்துக்கே உரிய மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. நகரிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள பாலராமபுரம், பாலராம வர்மாவின் ஆட்சிக்காலத்தில் (1798–1810) திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்களைக் கொண்டு வளர்ந்த நெசவூர். அங்குக் குழித்தறியில் நெய்யப்படும், செட்டு முண்டு எனவும் வழங்கும் முண்டும் நேரியதும், அதாவது இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக உடுத்தும் இரு துண்டு உடை, வெளுக்காத பருத்தி நிறமும் கசவு எனப்படும் சரிகைக் கரையும் கொண்டது. கஞ்சி போட்ட அத்துணி உடலைத் தழுவாமல் விறைப்பாக விலகி நிற்கும். அதன் வெண்மையோ இருண்ட பின்னணியில் உருவத்தை இருப்பதைவிட அகலமாகக் காட்டும். பட்டுச் சேலையில் இயல்பாகத் தோன்றும் அதே மாடல் செட்டு முண்டில் பருத்துத் தெரிகிறார் என்று ஒளிப்படக்காரர் குறைபடுவதும், அடுத்த ஆண்டு ஓணத்துக்கு இன்னும் மெலிந்தவரைக் கேட்பதும் இதனாலேயே. மிக எளிமையான, எல்லா வயதினரும் எல்லா உடலினரும் உடுத்தும் உடையை விளம்பரம் செய்யவே மிக மெலிந்த உடல் தேவைப்படுகிறது என்பது இத்தொழிலில் கவலையோடு கவனிக்கத்தக்க முரண். மாடலை மெலியவைக்காமலே இதற்குத் தீர்வு உண்டு: கஞ்சியைக் குறைத்துத் துணியை ஒரு முறை அலசி உலர்த்திக் கட்டலாம், பின்னணியை வெளிறிய நிறத்தில் வைக்கலாம், விளக்கைப் பக்கவாட்டில் நிறுத்தித் துணியின் மடிப்பில் நிழல் விழச் செய்யலாம். இவற்றுக்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தவே ஒரு பெண்ணின் உடல் குறைக்கப்படுகிறது.

ஒளிப்படக் கருவியும் தன் பங்கைச் செய்கிறது. கருவியை இடுப்பு உயரத்துக்குக் கீழே இறக்கி எடுத்தால் கால் நீளும். உடலை முக்கால் பங்கு திருப்பி நிறுத்தினால் இடை ஒடுங்கும். கையை இடுப்பில் ஊன்றச் செய்தால் இடைக்கும் கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்து உடல் குறுகித் தோன்றும். இவை தம்மளவில் குற்றமற்ற நுணுக்கங்கள். ஆயினும் ஏற்கெனவே மெலிந்த உடல்மீது இவையனைத்தும் ஒருசேரச் செலுத்தப்படும்போது விளைவு வேறாகிவிடுகிறது.

கணினித் திரையில்

ஃபோட்டோஷாப் மென்பொருளில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் லிக்விஃபை எனும் கருவி சேர்க்கப்பட்டது. படத்தின் ஒரு பகுதியைச் சுட்டியால் உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் அது உதவுகிறது. அதற்கு முன் இடையைக் குறைப்பதற்குப் படத்தை வெட்டி ஒட்டி நிழல் தீட்ட வேண்டியிருந்ததால், இன்றியமையாத இடத்தில் மட்டுமே அவ்வேலையைச் செய்தனர். புதிய கருவி வந்தபின் அது கேளாமலே செய்யப்படும் வழக்கமாகிவிட்டது. கசவுச் சேலை இவ்விடயத்தில் பொய்யை மறைக்க விடாது. கரை நேர்க்கோடாக நெய்யப்பட்டது. இடையைத் தள்ளும்போது அதன் அருகே ஓடும் கரையும் சேர்ந்து வளையும். மேற்கையைக் குறைத்தால் வட்டமான வளையல் முட்டை வடிவாகும். பழகிய கண்ணுக்கு இவ்விரண்டும் உடனே அகப்படும். பழகாத கண்ணுக்கோ அவை தெரிவதில்லை, மெலிந்த உடல் மட்டுமே தெரிகிறது. அச்சகத்திலும் இன்னொரு குறைப்பு நிகழ்ந்ததுண்டு. ஃப்ளெக்ஸ் பலகைகள் பரவியிருந்த காலத்தில், செய்தித்தாள் அளவுக்கு அமைத்த படத்தை உயரமான பலகைக்கு ஏற்ப நீளவாக்கில் மட்டும் இழுத்து அச்சிடும் அவசரம் சாதாரணமாக இருந்தது. உடல் ஒரு நொடியில் இன்னும் ஒடுங்கிவிடும். 2019-இல் கேரள அரசு பிவிசி ஃப்ளெக்ஸைத் தடை செய்தபின் பலகையின் பொருள் மாறியது. இழுக்கும் பழக்கம் முற்றிலும் மாறிவிடவில்லை.

இக்கட்டுரையாளர் அறிந்த நிகழ்ச்சி ஒன்று இதன் கனத்தை உணர்த்தப் போதுமானது. கைத்தறியின் பெருமையைச் சொல்லும் விளம்பரத்துக்காகத் தறியில் அமர்ந்திருக்கும் நெசவுக்காரப் பெண் ஒருவரை, அவருடைய இசைவோடு படம் எடுத்தனர். பல்லாண்டு தறியடித்த உழைப்பால் உருண்டு திரண்ட கைகள் அவருடையவை. படத்துக்கு உயிர் கொடுத்தவையும் அக்கைகளே. பலகையில் அப்படம் வந்தபோது கைகள் இரண்டும் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தன. 'பார்க்க நன்றாக இருக்க வேண்டுமே' என்பதற்கு மேல் கடையின் தரப்பில் விளக்கம் கிடைக்கவில்லை. அப்பெண் படத்தைக் கண்டபின், "முகம் என்னுடையதுதான், அண்ணா, கை யாருடையது?" என்று கேட்டார். நெய்த கையையே அழகற்றது என்று ஒதுக்கிவிட்டுக் கைநெசவைப் போற்றும் விளம்பரத்துக்கு எந்த மதிப்பும் இருக்க முடியாது.

கடைக்குள்

விளம்பரம் பார்த்து வரும் பெண்ணைக் கடைவாசலில் எதிர்கொள்வது பொம்மை. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ரிந்தாலா, முஸ்தயோக்கி ஆகிய இருவர் 1920-களிலிருந்து 1990-கள் வரையான கடைப் பொம்மைகளை அளந்து, 1992-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டனர். தொடக்ககாலப் பொம்மைகள் இயல்பான பெண்ணின் உடலளவை ஒத்திருந்தன என்றும், பிற்காலப் பொம்மையின் அளவில் உயிருள்ள பெண் ஒருவர் இருந்தால் உடலில் கொழுப்பு போதாமையால் அவருக்கு மாதவிலக்கு வராமலிருக்கக் கூடும் என்றும் அவர்கள் கண்டனர். இங்கிலாந்தின் இரு நகரங்களில் நடந்து 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில் பார்த்த பெண் பொம்மைகள் அனைத்துமே எடை குறைந்த உடலளவில் இருந்தன. திருவனந்தபுரத்தில் 'சாலை' எனப்படும் கடைத்தெருவில் நிற்கும் பொம்மைகளும் இதே வார்ப்பு முறையில் வந்தவை. அவற்றுக்குச் சேலை கட்டும் ஊழியர், மிஞ்சும் துணியைப் பின்புறம் சுருட்டி ஊக்குக் குத்திவிடுவதும் படப்பிடிப்புத் தளத்து வழக்கமே.

உடல் நிறைக் குறியீடு என்பது, கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண். அது 18.5-க்குக் குறைந்தால் எடை குறைவு என்றும், 25-ஐ எட்டினால் எடை மிகுதி என்றும் உலகச் சுகாதார அமைப்பு வகுத்துள்ளது. 175 சென்டிமீட்டர் உயரமும் 52 கிலோ எடையும் உள்ள மாடலின் குறியீடு 17. 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 18.5-க்குக் கீழ் உள்ளோர் 10.1 விழுக்காட்டினர், எடை மிகுந்தோர் 38.1 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் இவ்வெண்கள் முறையே 12.6, 40.4. ஆக, பத்துப் பெண்களில் ஒருவரின் உடலளவைக் கொண்டு மற்ற ஒன்பது பேருக்கும் துணி விற்கப்படுகிறது. எடை மிகுதியால் வரும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் கேரளத்தின் மெய்யான கவலைகள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றைத் தீர்ப்பது மருத்துவமனையின் வேலை. உடல் எந்த அளவில் இருப்பினும் அதற்குப் பொருந்தும் துணியைக் காட்டுவது மட்டுமே துணிக்கடையின் வேலை.

இவ்விடைவெளியின் விலையை விற்பனைப் பகுதியில் நிற்கும் ஊழியர்களே நாள்தோறும் அனுபவிக்கின்றனர். சூரத்திலிருந்து வரும் செயற்கை இழைச் சேலைகளுக்கும் சுடிதார்த் துணிகளுக்கும் பெட்டியோடு கேட்லாக் படம் வருகிறது. சேலையை விரித்துப் போட்டபின், "இந்தப் படத்தில் உள்ளதுபோல எனக்கு நிற்குமா, மோளே?" என்று நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கேட்கும்போது, "நிற்கும் சேச்சி, தைரியமாக எடுங்கள்" என்று சொல்வதைத் தவிர அந்த இளம் ஊழியருக்கு வேறு வழியில்லை. வீட்டில் கண்ணாடியின் முன் நிற்கும்போது வாங்கிச் சென்ற பெண் படத்தைக் குறை கூறுவதில்லை; துணியையும் கடையையும்கூடக் குறை கூறுவதில்லை; தம் உடலையே குறை கூறிக்கொள்கிறார். ஏமாற்றம் கடையின்மேல் திரும்பாததால் கடைக்காரருக்கு அது புகாராக வந்து சேர்வதில்லை. இவ்வழக்கம் இத்தனை காலம் நீடிப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே.

ஆயத்த ஆடையில் சிக்கல் மேலும் கூடுகிறது. இந்தியப் பெண்களின் உடலளவை முறையாக அளந்து வகுத்த அளவுப் பட்டியல் இல்லாமல், பிற நாட்டுப் பட்டியல்களைத் தழுவியே ஆடைகள் தைக்கப்பட்டுவந்தன. ஒரு நிறுவனத்தின் எல் மற்றொரு நிறுவனத்தின் எக்ஸ்எல் ஆக இருப்பது இதனாலேயே. 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்தைத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் 2018-இல் அறிவித்தது. நாட்டுக்கேற்ற அளவு தேவை என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று. நாட்டுக்கேற்ற படம் தேவை என்பதை விளம்பரத் தொழில் இன்னும் ஏற்கவில்லை.

சட்டமும் நெறியும்

2006-இல் உருகுவேயைச் சேர்ந்த லூயிசெல் ராமோஸ், பிரேசிலைச் சேர்ந்த ஆனா கரோலினா ரெஸ்டன் ஆகிய இரு மாடல்கள், உணவைக் கடுமையாகக் குறைத்ததன் தொடர்பாக அடுத்தடுத்து இறந்தது ஆடை உலகை உலுக்கியது. அதே ஆண்டில் மாட்ரிட் ஆடைக் காட்சி 18-க்குக் குறைந்த குறியீடுடைய மாடல்களை விலக்கியது. இஸ்ரேல் 2012-இல் இயற்றிய சட்டம் 18.5 என்ற எல்லையை வகுத்ததோடு, திருத்திய படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. பிரான்சில் 2017 முதல் மாடல்களுக்கு மருத்துவச் சான்று கட்டாயம். உடலளவைத் திருத்திய வணிகப் படத்தில் 'திருத்தப்பட்ட ஒளிப்படம்' என்று அச்சிடாவிடில் 37,500 யூரோ வரை அபராதம் விதிக்கலாம்.

தொழிலில் உள்ளோர் ஊன்றிப் பார்க்க வேண்டியது பிரிட்டன் விளம்பரத் தர ஆணையத்தின் முடிவுகளையே. 2025-இல் நெக்ஸ்ட், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், ஸாரா ஆகிய நிறுவனங்களின் சில விளம்பரங்களில் மாடல்கள் நலமற்ற அளவுக்கு மெலிந்து தோன்றுவதாகக் கூறி, அவற்றை மீண்டும் வெளியிடக் கூடாது என்று ஆணையம் தடுத்தது. மாடலின் எடையைத் தராசில் நிறுத்து அது தீர்ப்பளிக்கவில்லை. நிற்கும் நிலை, படமெடுத்த கோணம், நிழல், உடையின் வெட்டு ஆகியவை மெலிவை எவ்வாறு மிகைப்படுத்தின என்பதையே ஆராய்ந்தது. மெலிவு படப்பிடிப்பில் உருவாக்கப்படுகிறது என்பதை ஓர் ஒழுங்குமுறை அமைப்பே ஏற்றுச் சொன்ன முடிவுகள் அவை.

இந்தியாவில் 1985-இல் தோன்றிய விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி, 2022 ஜூனில் பாலின வார்ப்புகள் பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இலட்சிய அளவுக்கு மாறுபட்ட உடலமைப்பே ஒருவரின் காதலிலும் தொழிலிலும் சமூக வாழ்விலும் தோல்விக்குக் காரணம் என்று விளம்பரம் உணர்த்தக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சொல்லால் இழிவுபடுத்துவதை இந்நெறி தடுக்கிறது. படத்தால் விலக்குவதை அது தொடவில்லை. கேரளத்தில் பொதுக் கருத்து சட்டத்தைவிட முன்னே நகர்ந்திருக்கிறது. 2023 தொடக்கத்தில் அப்போதைய கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி உடற்கேலியைக் கண்டித்து, அதைப் பற்றிய விழிப்புணர்வைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது குறித்துப் பேசினார். 2025 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம், பெண்ணின் உடலமைப்பைப் பற்றிப் பாலியல் சாயலோடு பேசுவது முதல் நோக்கில் பாலியல் துன்புறுத்தல் குற்றமாகும் என்று கூறி, வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. வகுப்பறையிலும் பணியிடத்திலும் உடலைப் பற்றிய சொல்லுக்குப் பொறுப்பு கேட்கும் சமூகம், கடைவீதியில் உடலைப் பற்றிய படத்துக்கும் பொறுப்பு கேட்கும் நாள் தொலைவில் இல்லை.

செய்யக் கூடியவை

மெலிந்த பெண்களை விளம்பரத்திலிருந்து விலக்க வேண்டும் என்பது இங்குக் கோரிக்கையன்று. பத்தில் ஒருவராக இருக்கும் அவர்களும் வாடிக்கையாளர்களே. ஓர் உடலைத் தள்ளி மற்றோர் உடலை அமர்த்துவது அதே பிழையின் மறுபக்கமாகும். பருமனான பெண்களுக்கென ஆண்டுக்கொரு தனி விளம்பரம் வெளியிட்டு, மற்ற நாள்களில் பழைய வழக்கத்தைத் தொடர்வதும் போதாது. தேவையானவை நான்கு ஒழுங்குகள். சாம்பிள் ஆடையை, கடையில் அதிகம் விற்கும் அளவில் தைத்து, அவ்வளவுக்குரிய மாடலைத் தேட வேண்டும். ஒரே சேலையைக் குறைந்தது இருவேறு உடலளவினருக்கு உடுத்திப் படமெடுத்துக் கேட்லாக்கில் அருகருகே வைக்க வேண்டும். மாடலின் உயரத்தையும் அணிந்துள்ள ஆடையின் அளவையும் படத்தின் கீழே அச்சிட வேண்டும். இணையவழி விற்பனைப் பக்கங்கள் சில இதை ஏற்கெனவே செய்துவருவதால் இது புதுமையுமன்று, கடினமுமன்று. கணினியில் துணியின் சுருக்கத்தையும் தூசியையும் நிறத்தையும் திருத்தலாம். உடலின் வரம்புக்கோட்டைத் தொடக் கூடாது என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இவற்றால் விற்பனை குறையும் என்ற அச்சத்துக்கு இந்நகரமே விடை சொல்கிறது. ஆற்றுகால் பகவதி கோவிலின் பொங்காலை விழாவன்று இலட்சக்கணக்கான பெண்கள் நகரத் தெருக்களில் அடுப்பு மூட்டி அமர்கின்றனர். அவர்களில் கசவுக்கரை உடை அணிந்து வருவோர் எல்லா வயதினரும் எல்லா உடலினரும் ஆவர். அந்த உடை அவர்கள் ஒவ்வொருவர்மீதும் அழகாகவே அமைகிறது. அத்துணியை நெய்தவர்களும், விற்றவர்களும், வாங்கியவர்களும் அறிந்த இவ்வுண்மையை விளம்பரம் மட்டும் அறியாததுபோல் நடக்கத் தேவையில்லை. எனவே திருவனந்தபுரத்துத் துணிக்கடை உரிமையாளர்களிடமும் அவர்களுக்குப் படம் செய்து கொடுக்கும் தொழில்தோழர்களிடமும் வேண்டிக்கொள்வது இதுதான்: அடுத்த ஓண விளம்பரத்தில் உங்கள் கடைக்கு வரும் பெண்களின் உடலளவைக் கொண்ட மாடலுக்குச் சேலை கட்டுங்கள், அவரை எப்படிப் படமெடுத்தீர்களோ அப்படியே அச்சிடுங்கள்.